கதவில் ஒட்டாத பட்டியல்

போன மாதம் நடுவர் வகுப்பின் தேநீர் இடைவேளையில், உங்களில் ஒருவர் கைத்தொலைபேசியை நீட்டி ஒரு பட்மின்டன் ஆட்டத்தைக் காட்டினீர்கள். லண்டன் ஒலிம்பிக்கில் நடந்த பெண்கள் இரட்டையர் ஆட்டம். ஒரு பக்கம் சீனா, மறுபக்கம் கொரியா. அடுத்த சுற்றில் தோதான எதிராளி கிடைக்க வேண்டும் என்று இரண்டு ஜோடியும் போட்டி போட்டுக்கொண்டு தோற்கப் பார்க்கிறார்கள். சேர்வ் எல்லாம் வலையில் விழுகிறது. இன்னோர் ஆட்டத்தில் இந்தோனேசியாவும் கொரியாவும் அதே கூத்தை ஆடுகிறார்கள். கடைசியில் நான்கு ஜோடிகளையும் வெளியே அனுப்பிவிட்டார்கள். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனேன். ரீச்சருக்குக் கோபம் என்று நினைத்திருப்பீர்கள். கோபம் இல்லை. அப்படி ஓர் ஆட்டத்தை நான் முன்பே கண்டிருக்கிறேன்.

அன்று நீங்கள் கேட்ட கேள்விகளில் இரண்டுக்கு நான் பதில் சொல்லவில்லை. "ரீச்சர், இந்த விளையாட்டுல கடைசியா எந்த நாடுதான் பலம்?" என்பது ஒன்று. "எல்லா மாவட்டத்திலயும் போட்டி அட்டவணையக் கதவுல ஒட்டுறாங்க, நாங்க மட்டும் ஏன் காலம வந்து வாயால வாசிக்கிறம்?" என்பது மற்றது. இரண்டுக்கும் ஒரே பதில்தான். அதை எழுதித் தருவது சொல்வதைவிட எனக்கு லேசு.

முதலில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் மட்டக்களப்பு ஆட்டக்காரர்கள் என் முதுகுக்குப் பின்னால் எனக்கு வைத்த பட்டப்பெயர் 'சட்டப்புத்தகம்'. பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பித்தேன், சனி ஞாயிறுகளில் நடுவராக நின்றேன். கோட்டில் விழுந்த பந்தை வெளியே என்று சொன்னவள் இல்லை. என் கையெழுத்து அச்சுப் போல இருக்கும். அந்தக் கையெழுத்தில் எனக்குப் பெரிய பெருமை இருந்தது. அதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

சுனாமிக் கடல் வந்த அன்று எங்கள் வாவிக்கரை மண்டபத்துக்கு உயிர் தப்பிய சனம் வந்து நிறைந்தது. யார் எங்கே இருப்பது என்ற சண்டையை ஆட்டக் கோடுகள்தான் தீர்த்து வைத்தன. ஒரு சேர்வ் கட்டம் ஒரு குடும்பத்துக்கு என்று பிரித்துக் கொடுத்தேன். "எங்கட வீடு இடப்பக்கக் கட்டம், வலையோட ஒட்டினது" என்று பிள்ளைகள் விலாசம் சொல்வார்கள். வலப்பக்கக் கட்டத்தில் ஒரு தாயும் பதினாலு வயது மகனும் இருந்தார்கள். தகப்பனையும் தங்கச்சியையும் கடல் கொண்டுபோயிருந்தது. அந்தப் பையன் நடுவர் கதிரையின் உச்சியில் ஏறி, கடல் இருக்கும் திசையைப் பார்த்தபடி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பான். இரண்டு நாளுக்கு ஒரு முறை யாராவது "கடல் வருகுது" என்று கத்துவார்கள். மண்டபம் முழுக்க எழுந்து ஓடும். அவன் மட்டும் கதிரையில் இருந்து, "இல்ல, வரல்ல, இரிங்க" என்று சொல்வான். அவன் சொன்னால் சனம் திரும்பி வந்து உட்காரும். நடுவர் கதிரையில் கண்டவர் எல்லாம் ஏறக்கூடாது என்று சட்டம். நான் அவனை இறங்கச் சொல்லவில்லை.

நிவாரணப் பெட்டி ஒன்றில் மட்டைகளும் பந்துகளும் ஒரு சோடி வெள்ளைச் சப்பாத்தும் வந்தன. சனம் கொஞ்சம் குடிசைகளுக்குப் போய் ஓர் ஆட்டத்தளம் காலியானதும் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி வைத்தேன். ஆளுக்கொரு நாடு. அப்போதுதான் உங்களுடைய அதே கேள்வி வந்தது, எது பலமான நாடு என்று. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். சீனா முதல், அடுத்தது இந்தோனேசியா, பிறகு மலேசியா, கொரியா. ஐரோப்பாவில் டென்மார்க் மட்டும் தனியாக நின்று இவர்களோடு மல்லுக்கட்டுகிறது. அவ்வளவு சின்ன நாடா என்று டென்மார்க்கில் பிள்ளைகளுக்கு ஒரே வியப்பு. இலங்கையை எடுக்க ஒருத்தரும் முன்வரவில்லை. கதிரைப் பையன் இறங்கி வந்து, "எனக்குச் சீனா" என்றான்.

"ஏன்டா சீனா?"

"அங்க ஆக்கள் கூட ரீச்சர். ஒருத்தன் போனா இன்னொருத்தன் வருவான்."

அவன்தான் வென்றான். வெள்ளைச் சப்பாத்தை அவனுக்குக் கொடுத்தேன், கொஞ்சம் பெரிசு. அதற்குப் பிறகு எங்கள் பிள்ளைகளுக்கு அந்த நாட்டுப் பெயர்களே நிலைத்துவிட்டன. இந்தக் கதையில் அவர்களின் பெயர்களைச் சொல்லாமல் நாடுகளையே சொல்கிறேன். அது பயத்தில் வந்த பழக்கம், இன்னும் விடவில்லை.

ஒன்றரை வருடம் போனது. சமாதானம் என்று பேர், ஆனால் எங்கள் பக்கம் துவக்கும் தோட்டாவும் வைத்திருந்தவர்கள் ஒரு சாரார் இல்லை. யார், எவர் என்று நான் எழுதப்போவதில்லை. எல்லோரும் தங்கள் படைக்குப் பிள்ளை பிடித்தார்கள், பெற்ற தாய்க்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியவும் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையை வாசலில் நின்று எண்ணி உள்ளே எடுத்த காலம் அது. அந்த வருடம் பதினேழு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான போட்டிக்கு நான் அட்டவணை எழுதினேன். முன்தினமே கதவில் ஒட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. தரவரிசைப்படி பெயர், பிறந்த திகதி, வயது, ஊர் எல்லாம் போட வேண்டும். சட்டப்புத்தகம் எல்லாவற்றையும் போட்டது. முதல் வரியில் என் அச்சுக் கையெழுத்தில் சீனாவின் முழுப் பெயர், வயது பதினாறு.

பின்னேரம் மோட்டார் சைக்கிளில் ஒரு இளைஞன் வந்தான். சுத்தமான சேட்டும் காற்சட்டையும், நல்ல பணிவு. அட்டவணையைப் பார்த்து ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு நின்றான்.

"ரீச்சர், பேனை ஒண்டு தருவீங்களா? என்னுடையது எழுதுதில்ல."

நான் என் பேனையைக் கொடுத்தேன். பத்திரிகைக்காரத் தம்பி என்று நினைத்தேன். எங்கள் போட்டியைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதியதில்லை, எனக்குச் சந்தோசம்.

"வயசெல்லாம் சரிதானே ரீச்சர்?"

"பிறப்புச் சான்றிதழ் பாக்காம நான் ஒரு பேரும் எழுதுறல்ல தம்பி."

"உசரமும் போட்டிரிந்தா நல்லம்."

"முதலாவது பொடியன்தான் இவங்களுக்குள்ள உசரம்" என்று பெருமையாகச் சொன்னேன். அவன் பேனையைத் துடைத்துத் திருப்பித் தந்துவிட்டுப் போனான்.

மறுநாள் முதல் ஆட்டத்துக்குச் சீனாவின் பெயரை மூன்று தரம் கூப்பிட்டேன். ஐந்து நிமிடத்தில் வராவிட்டால் எதிராளிக்கு வெற்றி. மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவனுடைய தாய் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"தண்ணிக்குப் போன புள்ளய மறிச்சு ஏத்திட்டாங்க ரீச்சர். முழுப் பேரும் ஊரும் சொல்லி, நீதானே எண்டு கேட்டு ஏத்தினாங்களாம். ஆரு ரீச்சர் சொல்லிக் குடுத்திரிப்பாங்க?"

என் சேட்டுப் பையில் அந்தப் பேனை இருந்தது. அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. உண்மையைச் சொல்லவில்லை என்பது மட்டும் ஞாபகம். கதவில் இருந்த பட்டியலைப் பிய்த்து மடித்துப் பைக்குள் வைத்தேன். எட்டுப் பெயரில் ஒன்றுதான் போயிருந்தது, மற்ற ஏழும் பேனை வாங்கியவனின் கொப்பியில் இருந்தன. அந்த வாரம் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் மண்டபக் கதவைப் பூட்டிவிடுவேன். இருந்த ஏழு பேரையும் பெற்றோர் ஊர் மாற்றி, வீடு மாற்றி ஒளித்தார்கள். சிலர் கொழும்புக்குப் போனார்கள்.

ஆறு மாதம் கழித்துப் பெற்றோரே என்னிடம் வந்தார்கள். வீட்டில் அடைத்து வைத்தால் பிள்ளைகள் சொல்லாமல் வெளியே ஓடுகிறார்கள், பகலில் எல்லோரும் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் இருந்தால் எங்களுக்கும் நெஞ்சு ஆறும் என்றார்கள். மறுபடியும் போட்டி வைத்தேன். பட்டியலில் பெயர் இல்லை, வயது இல்லை, ஊர் இல்லை. வெறும் நாடுகள். முதல் வரியில் சீனாவை விட்டு வைத்தேன். "வந்திருவான் ரீச்சர், வெட்டிப்போடாதீங்க" என்று தாய் கேட்டிருந்தாள். சீனாவோடு ஆட வேண்டியவனுக்கு ஆடாமலே வெற்றி கொடுத்தேன்.

இறுதி ஆட்டம் இந்தோனேசியாவுக்கும் டென்மார்க்குக்கும். இந்தோனேசியா பழுகாமத்துப் பையன், வாவிக்கு அந்தப் பக்கம் இருக்க முடியாமல் சித்தி வீட்டில் நின்றான். டென்மார்க் டவுன் பையன், தேவாலயத்தில் பாடுகிறவன். ஆளுக்கொரு ஆட்டம் வென்று மூன்றாவதில் நின்றார்கள். அந்த வருடம்தான் புதிய புள்ளி முறை வந்திருந்தது. பழைய முறையில் சேர்வ் போடுபவனுக்கு மட்டும்தான் புள்ளி, பிழை விட்டால் சேர்வ் மாத்திரம் கைமாறும். புதிய முறையில் யார் பிழை விட்டாலும் மற்றவனுக்குப் புள்ளி ஏறும். நீங்கள் பழைய முறையைக் கண்டதில்லை, அதனால் சொல்கிறேன்.

பதினொன்றுக்குப் பத்து, இந்தோனேசியா முன்னிலை. பக்கம் மாறினார்கள். இந்தோனேசியா சேர்வை வலையில் அடித்தான். பதினொன்று சமன். டென்மார்க் சேர்வை வெளியே அடித்தான். பிறகு இவன் வலையில். பிறகு அவன் வெளியே. பதற்றம் என்று நினைத்தேன். பதினைந்து சமனில் எனக்குக் கோபம் தலைக்கேறியது. வேண்டுமென்று தோற்பது எங்கள் சட்டத்தில் பெருங்குற்றம். இருவரையும் கூப்பிட்டு மஞ்சள் அட்டை காட்டினேன்.

"ஒழுங்கா ஆடுங்க. இல்லாட்டி சிவப்புத்தான்."

இந்தோனேசியா என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் சரியாக வாசித்திருக்க வேண்டும். என் கண் அவனுடைய கால் கோட்டை மிதிக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

இருபது சமன். இருபத்தொன்று சமன். பார்வையாளர் கூச்சல் போட வேண்டும், போடவில்லை. எனக்கு எதிரே வாங்குகளில் பெற்றோர் இருந்தார்கள். ஆட்டம் பார்க்கிறவர்களின் கண்கள் இடமும் வலமும் போய் வரும், நீங்கள் கவனித்திருப்பீர்கள். அன்று ஒருவருடைய கண்ணும் அசையவில்லை. எல்லோரும் என் தோளுக்கு மேலாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் கதிரைக்குப் பின்னால்தான் மண்டபத்தின் கதவு.

இருபத்துநான்கு சமனில் திரும்பிப் பார்த்தேன். கதவில் மூன்று பேர். பேனை வாங்கிய தம்பி, அவனைவிட மூத்த ஒருவன், நடுவில் தொப்பியோடு ஒரு பையன். மூவரிடமும் துவக்கு. பையனின் காலில் வெள்ளைச் சப்பாத்து, இப்போது அளவாக இருந்தது.

சீனாவேதான். வென்று வருபவனுக்காக வாசலில் நிற்கிறார்கள். எது முதல் வரியில் இருக்கிறதோ அதைத்தான் அவர்கள் எடுப்பார்கள் என்று எங்கள் பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தது. ஆளை ஆள் காட்டிக் கொடுக்கவும் மனம் இல்லை, வெல்லவும் பயம். அதுதான் இருவரும் மாறி மாறி வலையில் அடிக்கிறார்கள். பழைய முறையென்றால் பொழுது படும்வரை அடித்துக்கொண்டே இருக்கலாம், ஒரு புள்ளியும் ஏறாது. புதிய முறையில் ஒவ்வொரு பிழைக்கும் மற்றவன் வெற்றிக்கு ஒரு படி கிட்டப் போகிறான். முப்பதோடு முடிவு. நான் அவர்களுக்கு மஞ்சள் அட்டை காட்டியிருந்தேன்.

இருபத்தைந்து சமன், இருபத்தாறு சமன். புள்ளியை நான்தான் வாயால் சொல்ல வேண்டும். பந்தை மாற்றினேன். தரையைத் துடைக்கச் சொன்னேன். காற்று என்று மின்விசிறியை நிறுத்தச் சொன்னேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது, கதவில் நின்றவர்களுக்கு அவசரம் இல்லை. இருபத்தொன்பது சமன். டென்மார்க்கின் சேர்வ். அவன் வலையில் அடித்தால் இந்தோனேசியா போவான். நன்றாக அடித்து, மற்றவன் விட்டுவிட்டால் டென்மார்க் போவான். வாங்கில் அவனுடைய தாய் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

நான் கதிரையில் இருந்து இறங்கினேன். அன்று தலைமை நடுவரும் நான்தான். அத்தனை வருடத்தில் ஒரு நாளும் எடுக்காத கறுப்பு அட்டையை எடுத்துத் தலைக்கு மேல் பிடித்தேன்.

"ரெண்டு பேரும் வெளியே. இந்தப் போட்டியில வெண்டவர் இல்ல."

பிறகு கதவில் நின்றவர்களுக்குக் கேட்கக் கத்தத் தொடங்கினேன். அப்படி நான் பிள்ளைகளைத் திட்டியதே இல்லை. சேர்வ் போடத் தெரியாத சோத்து மாடுகள், ஒருத்தனுக்கு இழுப்பு, மற்றவனுக்கு முழங்கால் இல்லை, உங்களை ஆட விட்டதே என் பிழை, தாய்மார் வந்து இதுகளைக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கத்தினேன். தாய்மார் வந்து பிடித்துக்கொண்டார்கள்.

மூத்தவன் உள்ளே வந்து மேசையில் இருந்த பட்டியலை எடுத்தான்.

"என்ன இது? பேர் எங்க?"

"உலகத்துல பலமான நாடுகள் தம்பி. புள்ளயளுக்குப் பொது அறிவு."

அவன் சிரிக்கவில்லை. தொப்பிப் பையனைக் கிட்டக் கூப்பிட்டான்.

"நீ இங்க விளையாடினவன்தானே. ஆரு எந்த நாடு எண்டு உனக்குத் தெரியும். முதலாவதா இரிக்கிற சீனா ஆரு?"

அவனுக்கு எல்லாம் தெரியும். ஒன்றரை வருடம் இவர்களோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். அவன் என்னைப் பார்க்கவில்லை. நடுவர் கதிரையைப் பார்த்தான்.

"சீனா நான்தான் அண்ணன்."

"மற்றவங்கள்?"

"மத்ததெல்லாம் சும்மா. பாத்தீங்கதானே, சேர்வே போடத் தெரியாததுகள்."

பேனைத் தம்பி சிரித்தான். மூத்தவன் பட்டியலை மேசையில் போட்டான். போகும்போது பையன் மேசையைத் தாண்டி நடந்தான். தலையைக் குனிந்தபடி, எனக்கு மட்டும் கேட்க, "சீனாவ வெட்டிடுங்க ரீச்சர்" என்றான். மோட்டார் சைக்கிள் சத்தம் ஓயும்வரை யாரும் எழும்பவில்லை. நான் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

வீட்டுக்குப் போய் அடுப்பை மூட்டி இரண்டு பட்டியலையும் எரித்தேன். நாடுகள் எழுதியதையும், அதற்கு முன் பெயர்கள் எழுதியதையும். அந்தப் பேனையையும் போட்டேன். அது உருகி நாறியது. அவர்களுடைய பெயர் எழுதிய கடதாசி ஒன்றும் என்னிடம் இருக்கக்கூடாது என்ற பயம். அன்றிலிருந்து எங்கள் மாவட்டத்தில் அட்டவணை கதவில் ஏறவில்லை. காலையில் வந்து வாயால் வாசிக்கிறோம், பிறகு மடித்து வைக்கிறோம். இப்போது காலம் வேறு, நீங்கள் ஒட்டினால் நான் தடுக்க மாட்டேன். ஒட்டுவதற்கு முன் ஒன்று மட்டும் கேட்டுப் பாருங்கள், இதை யார் யார் வாசிப்பார்கள் என்று. சட்டப்புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை. சட்டம் தெரிந்தவள் என்று பேர் எடுத்த நான் அதைக் கேட்கவில்லை.

இந்தோனேசியா இப்போது கனடாவில் லொறி ஓட்டுகிறான். டென்மார்க்குக்கு இரண்டு பெண் பிள்ளைகள். சீனாவைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு செய்தியும் இல்லை. வடக்கே கொண்டுபோனார்கள் என்றார்கள் சிலர். இல்லை, வாகரைப் பக்கத்துச் சண்டையிலேயே போய்விட்டான் என்றார்கள் வேறு சிலர்.

சண்டை முடிந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனுடைய தாய் மண்டபத்துக்கு வந்தாள். கையில் ஒரு பை நிறையக் கடதாசி. காணாமல் போனவர்களைத் தேடிப் பதிகிறார்கள் என்று ஒவ்வோர் இடமாக அலைந்துகொண்டிருந்தாள்.

"ரீச்சர், அண்டைக்குக் கதவுல ஒட்டினீங்களே, அவன்ட பேர் முதலாவதா. அந்தக் கடதாசி இரிக்கா? பிறப்புச் சான்றிதழ் கையில இரிக்கு. அதுல அவன் பிறந்தது மட்டும்தான் இரிக்கு. அவன் ஆரு எண்டு சொல்ல என்னட்ட ஒண்டும் இல்ல. படத்தையெல்லாம் கடல் கொண்டுபோயிட்டு."

எரித்துவிட்டேன் என்றேன். அவள் தலையாட்டினாள். அதோடு விட்டிருக்கலாம். மூன்று வருடமாகச் சொல்லாததை அன்று சொன்னேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று நீ கேட்டாயே, நான்தான். ஒட்டினது நான், பேனை கொடுத்தது நான், வயது சரி என்று சொன்னது நான், உயரம் சொன்னதும் நான். அவள் என்னை அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்தால் நல்லது என்றும் நினைத்தேன். அவள் தாங்கள் இருந்த அந்த வலப்பக்கக் கட்டத்துக்குள் போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

"அந்தப் பேனை இரிக்கா ரீச்சர்?"

"இல்ல. எரிச்சிட்டன்."

அவள் பைக்குள் கைவிட்டுத் தன் பேனையை எடுத்து மேசையில் வைத்தாள். படிவம் நிரப்ப வாங்கிய மலிவுப் பேனை.

"அப்ப இதால எழுதுங்க. அண்டைக்கு எழுதின மாதிரியே, முதலாவதா."

நான் ஒரு தாளை எடுத்து ஒன்று என்று இலக்கம் போட்டேன். சுதாகரன் என்று எழுதினேன். என் அச்சுக் கையெழுத்து கோணல் மாணலாகப் போனது. வயது என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. அவள் கிட்ட வந்து தாளைக் குனிந்து பார்த்தாள்.

"பதினாறு எண்டே போடுங்க ரீச்சர்" என்றாள்.